மின்கம்பியின் தடிமனும் மின்னிழப்பும்

மின்கம்பியின் தடிமன் என்பது அக்கம்பியின் மின்தடையை முடிவு செய்யும் காரணிகளுள் ஒன்றாகும். கம்பியின் நீளமும் அது செய்யப்பட்ட பொருளும் ஏனைய முதன்மைக் காரணிகள். மற்றவை மாறாதிருக்கும்போது, தடித்த கம்பியின் மின்தடை குறைவாகவும் மெல்லிய கம்பியின் மின்தடை மிகுதியாகவும் இருக்கும். மின்தடையுள்ள கம்பியில் மின்னோட்டம் பாயும்போது மின்னாற்றலின் ஒரு பகுதி வெப்பமாக மாறி வீணாகிறது. இது மின்னிழப்பு எனப்படுகிறது. அதே காரணத்தால் கம்பியின் மறுமுனையில் கிடைக்கும் மின்னழுத்தமும் குறைகிறது.

இவ்விரு விளைவுகளும் மிகத் தெளிவாகப் புலப்படும் இடங்களுள் ஒன்று தமிழ்நாட்டின் திண்டுக்கல் சமவெளியாகும். பழனி மலைக்கும் சிறுமலைக்கும் இடையிலும் அவற்றின் வடக்கிலும் பரந்துள்ள இந்நிலப்பகுதி கடினப் பாறையால் ஆனது. குடகனாற்றில் மழைக்காலத்தில் மட்டுமே நீரோடுகிறது. எனவே திண்டுக்கல், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் விளையும் தக்காளி, முருங்கை, சின்ன வெங்காயம் போன்றவற்றுக்குப் பெரிதும் நிலத்தடி நீரே ஆதாரம். அந்நீர் பாறை வெடிப்புகளில் பல நூறு அடி ஆழத்தில் உள்ளது. நீரை மேலேற்றும் நீர்மூழ்கி மோட்டாருக்கு மின்சாரம் நீண்ட தொலைவு கம்பிகளின் வழியே செல்ல வேண்டியிருக்கிறது: முதலில் மின்மாற்றியிலிருந்து தோட்டம் வரையும், பின்னர் தோட்டத்திலிருந்து கிணற்றின் அடிவரையும்.

மின்தடையும் குறுக்குவெட்டுப் பரப்பும்

ஒரு சீரான கம்பியின் மின்தடையைப் பின்வரும் தொடர்பு தருகிறது:

மின்தடை = மின்தடை எண் × நீளம் ÷ குறுக்குவெட்டுப் பரப்பு

மின்தடை எண் என்பது பொருளின் பண்பு. கம்பியின் வடிவத்தைச் சார்ந்ததன்று. நீளம் இருமடங்கானால் மின்தடையும் இருமடங்காகும். பரப்பு இருமடங்கானால் மின்தடை பாதியாகும். வட்டக் கம்பியின் பரப்பு விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளதால், விட்டம் இருமடங்கானால் மின்தடை நான்கில் ஒரு பங்காகக் குறையும். கண்ணால் பார்க்கும்போது சிறிதாகத் தோன்றும் தடிமன் வேறுபாடு மின்தடையில் பெரிய வேறுபாடாக அமைவதற்கு இதுவே காரணம்.

கம்பியை நீர்க்குழாயுடன் ஒப்பிட்டு விளக்குவது பாடநூல்களின் வழக்கம். ஒப்புமை பயனுள்ளதே, ஆயினும் அதை முழுமையாகக் கொள்ளலாகாது. குழாயில் ஓடும் நீர் சுவரை ஒட்டி மெதுவாகவும் நடுவில் விரைவாகவும் செல்கிறது. ஆகவே சீராக ஓடும் நீருக்குக் குழாயின் தடை ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து மாறுகிறது. நேர்மின்னோட்டத்தில் இலத்திரன்கள் கம்பியின் குறுக்குவெட்டு முழுவதும் ஒரே அடர்த்தியில் நகர்வதால் அங்கு பரப்பு மட்டுமே கணக்கில் வருகிறது.

கம்பியின் கடத்துந்திறன் அதன் மேற்பரப்பைச் சார்ந்ததா, உட்பரப்பைச் சார்ந்ததா என்ற கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உண்மையாகவே எழுந்தது. நிலைமின்னூட்டம் பொருட்களின் மேற்பரப்பில் மட்டுமே தங்குவதே இதற்குக் காரணம். 1821இல் அம்பிரி டேவி செய்த ஆய்வுகள் கம்பியின் குறுக்குவெட்டே முக்கியம் என்று காட்டின. செருமானிய இயற்பியலாளர் கேயார்க் சைமன் ஓம் பல நீளமும் தடிமனும் கொண்ட கம்பிகளை ஆராய்ந்து 1827இல் வெளியிட்ட நூலில் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றின் தொடர்பை நிறுவினார்.

50 எர்ட்சு மாறுமின்னோட்டத்தில் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பை நோக்கிச் சற்றே ஒதுங்குகிறது. செம்பில் இந்த ஊடுருவல் ஆழம் ஏறத்தாழ 9 மி.மீ. ஆகும். வீட்டுக் கம்பிகளும் மோட்டார் கம்பிகளும் இதைவிட மிக மெல்லியவை என்பதால் அங்கு இவ்விளைவைப் புறக்கணிக்கலாம்.

செம்பும் அலுமினியமும்

20 பாகை செல்சியசில் மின்கம்பிக்கான செம்பின் மின்தடை எண் ஏறத்தாழ 0.0172 ஓம்·சதுர மி.மீ./மீட்டர், அலுமினியத்தினுடையது ஏறத்தாழ 0.0282. எனவே அதே மின்தடையைப் பெற அலுமினியக் கம்பியின் பரப்பு 1.64 மடங்கு இருக்க வேண்டும். விட்டக் கணக்கில் இது 1.28 மடங்கு. ஆனால் அலுமினியத்தின் அடர்த்தி செம்பினுடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகையால் தடித்த அலுமினியக் கம்பி, அதே மின்தடையுள்ள செம்புக் கம்பியின் எடையில் பாதியளவே இருக்கும். கம்பங்களில் தொங்கும் மேல்நிலைக் கம்பிகள் அலுமினியத்தால் அமைவதும், கிணற்றுக்குள் இறங்கும் இடவசதி குறைந்த கம்பிகள் செம்பால் அமைவதும் இதனாலேயே. மேல்நிலைக் கம்பியின் நடுவே இழுவலிமைக்காக ஓர் எஃகு இழை வைக்கப்படுகிறது.

வெப்பநிலை உயர்ந்தால் இரு உலோகங்களின் மின்தடையும் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.4 விழுக்காடு கூடுகிறது. கோடை வெயிலில் மின்சுமையும் சேர்ந்து 65 பாகைக்குச் சூடாகும் மேல்நிலைக் கம்பியின் மின்தடை, அட்டவணைகளில் தரப்படும் 20 பாகை மதிப்பைவிட ஏறத்தாழ 18 விழுக்காடு மிகுதியாக இருக்கும். பாசனத்துக்கு நீர் மிகவும் தேவைப்படும் மாதங்களில்தான் கம்பியின் மின்தடையும் உச்சத்தில் இருக்கிறது.

தடிமனைக் குறிக்கும் முறைகள்

தற்போது இந்தியாவில் கம்பிகள் குறுக்குவெட்டுப் பரப்பால், அதாவது சதுர மில்லிமீட்டரால் குறிக்கப்படுகின்றன. கடைகளில் இது ‘ஸ்கொயர் எம்.எம்.’ எனப்படும். இதற்கு முன்பு பிரித்தானியத் தரக் கம்பி அளவு எனும் கேஜ் முறை வழக்கில் இருந்தது. பழைய மின்பணியாளர்கள் இன்றும் 1/18, 3/20, 7/20 என்று கூறுவதுண்டு. இதில் முதல் எண் இழைகளின் எண்ணிக்கை. இரண்டாவது எண் ஒவ்வோர் இழையின் கேஜ். 7/20 என்பது 0.914 மி.மீ. விட்டமுள்ள ஏழு இழைகள். மொத்தப் பரப்பு ஏறத்தாழ 4.6 சதுர மி.மீ. கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும் என்பதைப் புதியவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

மேல்நிலைக் கம்பிகளுக்கு விலங்குப் பெயர்கள் இடுவது பிரித்தானிய மரபு. தமிழ்நாட்டு மின்வாரியப் பணியாளர்கள் இழைகளின் எண்ணிக்கையாலும் விட்டத்தாலும் அவற்றைக் குறிப்பர். 7/2.59 எனப்படுவது ‘வீசல்’ வகை. 20 பாகையில் இதன் மின்தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.93 ஓம். 7/3.35 எனப்படுவது ‘ராபிட்’ வகை. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.55 ஓம். இழையின் விட்டத்தில் உள்ள வேறுபாடு முக்கால் மில்லிமீட்டரே. மின்தடையில் உள்ள வேறுபாடு நாற்பது விழுக்காடு.

மின்னிழப்பின் அளவு

1840ஆம் ஆண்டையொட்டி சேம்சு யூல் கண்டறிந்தபடி, கம்பியில் உண்டாகும் வெப்பத் திறன் மின்னோட்டத்தின் இருமடியையும் மின்தடையையும் பெருக்கியதற்குச் சமம். மின்தடை பாதியானால் இழப்பு பாதியாகும். மின்னோட்டம் பாதியானால் இழப்பு நான்கில் ஒன்றாகும். மின்னழுத்த வீழ்ச்சியோ மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது.

இருமடி என்ற இச்சொல்லின் விளைவு நடைமுறையில் பெரிது. விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட மணி நேரங்களில் மட்டும் வழங்கப்படும்போது ஒரே மின்வழியிலுள்ள மோட்டார்கள் அனைத்தும் ஒன்றாக ஓடும். எட்டு மணி நேரத்தில் பரவலாக எடுக்கவேண்டிய மின்சாரத்தை நான்கு மணி நேரத்தில் எடுத்தால் மின்னோட்டம் இருமடங்காகும். இழப்புத் திறன் நான்கு மடங்காகும். நேரம் பாதியாவதால் வீணாகும் மொத்த ஆற்றல் இருமடங்காகும். இறைக்கும் நீரின் அளவு மட்டும் மாறாது.

ஆழ்துளைக் கிணற்றில்

7.5 குதிரைத்திறன் கொண்ட மும்முனை நீர்மூழ்கி மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 415 வோல்ட்டில் அது ஏறத்தாழ 13 ஆம்பியர் மின்னோட்டத்தையும் 7.4 கிலோவாட் திறனையும் எடுக்கும் எனக் கொள்ளலாம் (திறன் காரணி 0.8). மோட்டார் அறையிலுள்ள தொடக்கியிலிருந்து கிணற்றுக்குள் இருக்கும் மோட்டார் வரை கம்பியின் நீளம் 300 மீட்டர். நெகிழ்வான செம்புக் கம்பிகளுக்கான இந்தியத் தர மின்தடை மதிப்புகளைக் கொண்டு கணக்கிட்டால் பின்வரும் முடிவுகள் கிடைக்கின்றன.

| கம்பியின் பரப்பு (சதுர மி.மீ.) | மின்தடை (ஓம்/கி.மீ.) | மின்னழுத்த வீழ்ச்சி (வோல்ட்) | மின்னிழப்பு (வாட்) |
|---|---|---|---|
| 2.5 | 7.98 | 43 | 1214 |
| 4 | 4.95 | 27 | 753 |
| 6 | 3.30 | 18 | 502 |
| 10 | 1.91 | 10 | 290 |

2.5 சதுர மி.மீ. கம்பியைப் பயன்படுத்தினால், மோட்டாருக்குச் செல்வதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக்கு ஈடான திறன் கம்பியைச் சூடாக்குவதில் செலவாகிறது. ஆண்டுக்கு 1200 மணி நேரம் ஓடும் மோட்டாருக்கு 2.5இலிருந்து 6 சதுர மி.மீ. கம்பிக்கு மாறினால் 850 யூனிட்டுகளுக்குச் சற்று மேல் மீதமாகும். கணக்கு எளிமையாக இருக்கவேண்டி மின்னோட்டம் எல்லாக் கம்பிகளிலும் 13 ஆம்பியர் என்றே கொள்ளப்பட்டது. உண்மையில் தூண்டல் மோட்டார் ஒரே சுமையை இழுக்கும்போது மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டத்தைக் கூட்டிக்கொள்கிறது. மின்னோட்டம் கூடினால் கம்பியில் வீழ்ச்சி மேலும் கூடும். ஆகவே மெல்லிய கம்பியின் உண்மை நிலை அட்டவணை காட்டுவதைவிட மோசமாகவே இருக்கும்.

மோட்டார் தொடங்கும் கணம் இன்னும் கடினமானது. நேரடியாக இணைக்கப்படும் மோட்டார் தொடக்கத்தில் இயல்பைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வரை மின்னோட்டத்தை இழுக்கும். வீழ்ச்சியும் அவ்வாறே பல மடங்காகும். மோட்டாரின் சுழல்விசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. மோட்டார் முனையில் மின்னழுத்தம் 85 விழுக்காடாக இருந்தால் சுழல்விசை 72 விழுக்காடே. நெடுநேரம் திணறித் தொடங்கும் மோட்டாரின் சுருள்கள் சூடேறி, காப்புறை கெட்டு, எரிந்துபோகின்றன. ‘லோ வோல்டேஜில் காயில் போய்விட்டது’ என்று ஊர்களில் சொல்லப்படுவது பெரும்பாலும் இதைத்தான்.

நிலத்தடி நீர்மட்டம் இறங்கும் பகுதிகளில் இச்சிக்கலுக்கு மற்றொரு முகம் உண்டு. நீர் கீழே செல்லச் செல்ல மோட்டாரைக் கீழே இறக்குவர். ஆழம் கூடியதால் திறன் மிக்க மோட்டாரையும் பொருத்துவர். 150 மீட்டர் ஆழத்தில் 5 குதிரைத்திறன் மோட்டார் இருந்த இடத்தில், 300 மீட்டர் ஆழத்தில் 10 குதிரைத்திறன் மோட்டார் வருவதாகக் கொள்வோம். கம்பியின் தடிமன் மாறாவிடில் மின்தடை இருமடங்காகிறது. மின்னோட்டமும் ஏறத்தாழ இருமடங்காகிறது. கம்பியில் இழப்பு எட்டு மடங்காகும். மோட்டாரின் திறனோ இருமடங்குதான் கூடியிருக்கிறது. பழைய கம்பியோடு புதிய துண்டை இணைத்து நீட்டும் வழக்கத்தில் இந்த எட்டு மடங்கு கவனிக்கப்படாமலே போகிறது. இரு தடிமன்கள் தொடராக இணைந்திருக்கும்போது மெல்லிய பகுதியே மீட்டருக்கு மிகுதியான வெப்பத்தையும் வீழ்ச்சியையும் தரும். தடித்த புதிய துண்டு அதை ஈடுசெய்யாது.

ஊர்ப்புற மின்வழியில்

கிணற்றுக் கம்பியை வாங்குபவர் விவசாயி. மின்மாற்றியிலிருந்து தோட்டம் வரையுள்ள தாழ்மின்னழுத்தக் கம்பியை அமைப்பது மின்வாரியம். தமிழ்நாடு மின்சார வாரியம் 1957இல் தொடங்கப்பட்டது. 2010இல் பிரிக்கப்பட்டு உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் உருவானது. 2024இல் அதுவும் பிரிக்கப்பட்டு, மின் பகிர்மானத்துக்கெனத் தனிக் கழகம் அமைந்தது.

ஒரு மின்மாற்றியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில், 7/2.59 கம்பியின் கடைக்கோடியில், மேற்கூறிய வகை மோட்டார்கள் நான்கு ஓடுவதாகக் கொள்வோம். கம்பியில் ஓடுவது 52 ஆம்பியர். மூன்று கம்பிகளிலும் சேர்ந்து வீணாகும் திறன் ஏறத்தாழ 7.5 கிலோவாட். அதாவது நான்கு மோட்டார்கள் நீர் இறைக்க, கண்ணுக்குத் தெரியாத ஐந்தாவது மோட்டார் ஒன்றுக்கான மின்சாரம் காற்றைச் சூடாக்குகிறது. மின்மாற்றியில் 415 வோல்ட்டாக இருந்தது தோட்டத்தில் ஏறத்தாழ 348 வோல்ட்டாகிவிடும். கம்பியின் தூண்டல் எதிர்ப்பையும் சேர்த்தால் இன்னும் குறையும். அதன் பின்னரே கிணற்றுக் கம்பி தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. இந்திய மின்சார விதிகள், 1956 தாழ்மின்னழுத்தம் 6 விழுக்காட்டுக்கு மேல் மாறக்கூடாது என வரையறுத்திருந்தன. அக்கணக்கில் 390 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கக்கூடாது.

7/3.35 கம்பியாக இருந்தால் அதே சுமையில் இழப்பு ஏறத்தாழ 4.5 கிலோவாட்டாகக் குறையும். தோட்டத்தில் 375 வோல்ட் கிடைக்கும். முன்னேற்றம்தான் எனினும் இதுவும் வரம்புக்குள் வரவில்லை. தடிமனைக் கூட்டுவதால் மட்டும் நீண்ட தாழ்மின்னழுத்த வழிகளைச் சரிசெய்ய முடியாது என்பதை இது காட்டுகிறது. கம்பி தடிக்கத் தடிக்க எடையும் கூடுவதால் கம்பங்களையும் நெருக்கமாகவோ வலுவாகவோ நட வேண்டும்.

மின்தேக்கி பொருத்துவது மலிவான உதவி. திறன் காரணி 0.8இலிருந்து 0.95ஆக உயர்ந்தால் மின்வழியில் மின்னோட்டம் 84 விழுக்காடாகவும் இழப்பு 71 விழுக்காடாகவும் குறையும். ஆனால் மின்தேக்கி வழக்கமாகத் தொடக்கிப் பெட்டியில் இருப்பதால் அதற்கு முன்னுள்ள கம்பிக்கே இந்நன்மை. கிணற்றுக்குள் இறங்கும் கம்பியில் மின்னோட்டம் குறைவதில்லை. தம் தோட்டத்தில் மின்தேக்கி பொருத்துபவருக்குக் கிடைப்பதைவிட மிகுதியான நன்மை அவ்வழியிலுள்ள எல்லோருக்குமாகப் பகிரப்படுகிறது. பல தோட்டங்களில் அது பழுதடைந்த பின் மாற்றப்படாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மின்னழுத்தத்தை உயர்த்துதல்

ஒரே திறனைக் கூடுதல் மின்னழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் குறைகிறது. மேற்கண்ட நான்கு மோட்டார்களுக்கான திறனை 415 வோல்ட்டில் அனுப்பாமல் 11 கிலோவோல்ட்டில் தோட்டம் வரை கொண்டுசென்றால் மின்னோட்டம் 2 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. அதே 7/2.59 கம்பியில் இழப்பு 7.5 கிலோவாட்டிலிருந்து ஏறத்தாழ 11 வாட்டாகிறது. வேறு எந்தத் தடிமன் மாற்றமும் இதற்கு ஈடாகாது.

உயர் மின்னழுத்தப் பகிர்மான முறை எனப்படுவது இதுவே. ஒரு பெரிய மின்மாற்றியும் நீண்ட தாழ்மின்னழுத்த வழியும் இருந்த இடத்தில், உயர்மின்னழுத்தக் கம்பி தோட்டங்களுக்கு அருகே கொண்டுசெல்லப்பட்டு, சில இணைப்புகளுக்கு ஒன்றாகச் சிறு மின்மாற்றிகள் நிறுவப்படுகின்றன. ஆந்திரப் பகுதிகளில் இம்முறை பரவலாக மேற்கொள்ளப்பட்டது; தமிழ்நாட்டிலும் சில பகுதிகளில் செயல்படுத்தப்பட்டது. இதற்கும் குறை உண்டு. ஒவ்வொரு மின்மாற்றியும் சுமையில்லாத போதும் சிறிது திறனை வீணாக்கும். மோட்டார்கள் ஓடாத நேரத்திலும் அது தொடரும். எண்ணிக்கை கூடினால் பழுதும் திருட்டும் கூடும்.

இக்கோட்பாடு புதியதன்று. 1882இல் நியூயார்க்கில் தாமசு எடிசன் தொடங்கிய மின்நிலையம் ஏறத்தாழ 110 வோல்ட் நேர்மின்னோட்டத்தை வழங்கியது. அத்தாழ்ந்த மின்னழுத்தத்துக்குத் தேவைப்பட்ட செம்பின் விலையே அவருடைய பெருங்கவலையாக இருந்தது. மின்விளக்கின் இழைக்கு உயர்ந்த மின்தடையை அவர் தேர்ந்ததும் பின்னர் மூன்று கம்பி முறையைக் கொணர்ந்ததும் செம்பை மிச்சப்படுத்தவே. இன்று அதன் மறுகோடியில் இருப்பது சத்தீசுக்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகலூருக்கு வரும் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்ட வழி. 6000 மெகாவாட் கொண்டுவரக்கூடிய அது ஏறத்தாழ 1,765 கி.மீ. நீளமுடையது.

தடிமனைத் தேர்வதில் பொருளியல்

தடித்த கம்பிக்கு விலை அதிகம். மெல்லிய கம்பிக்கு இழப்பு அதிகம். வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) 1881இல் இதற்கொரு விதி கூறினார். கம்பிக்கு இட்ட முதலின் ஆண்டு வட்டியும் தேய்மானமும், அக்கம்பியில் ஆண்டுதோறும் வீணாகும் மின்சாரத்தின் விலைக்குச் சமமாகும் தடிமனே மிகச் சிக்கனமானது என்பது அதன் சாரம்.

திண்டுக்கல்லிலும் வேடசந்தூரிலும் உள்ள நூற்பாலைகளுக்கு இவ்விதி நன்கு பொருந்துகிறது. மூன்று முறைப்பணியிலும் ஓடும் ஆலையில் கம்பிகள் ஆண்டுக்கு 8000 மணி நேரத்துக்கும் மேல் சுமை ஏந்துகின்றன. அங்கு 100 வாட் இழப்பைக் குறைத்தால் ஆண்டுக்கு 800 யூனிட். 1200 மணி நேரமே ஓடும் பாசன மோட்டாரில் அதே 100 வாட்டுக்கு 120 யூனிட்டே. ஆலையில் யூனிட் ஒவ்வொன்றும் கட்டணச் சீட்டில் வருகிறது. ஆகவே விதிமுறைகள் கேட்கும் தடிமனைவிட ஒருபடி தடித்த கம்பியைப் போடுவது அங்கு வீண்செலவன்று.

பாசனத்தில் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 1990ஆம் ஆண்டு முதல் அனைத்து விவசாயிகளுக்கும் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வழங்கப்படுகிறது. பெரும்பாலான இணைப்புகளில் அளவி இல்லாத நிலை நெடுங்காலம் இருந்தது. கிணற்றுக் கம்பியின் தடிமனைத் தேர்பவர் விவசாயி. அதில் வீணாகும் மின்சாரத்தின் விலையை ஏற்பது அரசும் மின்வாரியமும். கெல்வின் விதியின் இரு பக்கங்களும் இருவேறு கைகளில் இருக்கும்போது அவ்விதி வேலை செய்வதில்லை. 300 மீட்டருக்குத் தடித்த கம்பி வாங்கக் கூடுதல் பணம் கொடுப்பவருக்கு மின்கட்டணத்தில் ஒரு காசும் மிச்சமாகாது. அளவி இல்லாத இடத்தில் நீர் இறைக்கச் செலவானது எவ்வளவு, கம்பியில் வீணானது எவ்வளவு எனப் பிரித்தறிவதும் கடினம்.

எனினும் மெல்லிய கம்பி விவசாயிக்கு இலவசம் என்று கொள்வது தவறு. மின்னழுத்தம் குறைந்தால் மோட்டாரின் வேகமும் குறைந்து, மணிக்குக் கிடைக்கும் நீரும் குறையும். மின்சாரம் குறிப்பிட்ட நேரமே வரும் நாளில் அது கடைசிப் பாத்திக்கு நீர் எட்டாமற் போவதாக முடியும். மோட்டார் எரிந்தால் கிணற்றிலிருந்து தூக்கவும், காயில் கட்டவும், மீண்டும் இறக்கவும் ஆகும் செலவு முழுவதும் விவசாயியுடையது. அந்நாட்களில் வாடும் பயிரும் அவருடையது. இழப்பின் விலை மின்கட்டணச் சீட்டில் வராமல் மோட்டார் பட்டறையின் சீட்டில் வருகிறது.

மோட்டார் சுருள்களில்

எரிந்த மோட்டாருக்குப் புதிய சுருள் கட்டும்போதும் தடிமன் முக்கியம். சுருள் கம்பிகளுக்கு கேஜ் எண் இன்றும் வழக்கில் உள்ளது. 20 கேஜ் இருந்த இடத்தில் 21 கேஜ் கம்பியால் அதே எண்ணிக்கையில் சுற்றினால் மின்தடை 26 விழுக்காடு கூடும். சுருளில் வெப்பமும் அவ்வளவே கூடும். கையில் இருக்கும் கம்பி, காடிக்குள் எளிதில் அடங்கும் கம்பி எனச் சிறு காரணங்களுக்காக ஓர் எண் மாறுவது உண்டு. அவ்வாறு கட்டிய மோட்டார் ஓடத்தான் செய்யும். ஆனால் முன்னைவிடச் சூடாக ஓடி, முன்னைவிட விரைவில் பட்டறைக்குத் திரும்பும்.

வீடுகளில்

வீட்டுக் கம்பிகளின் நீளம் குறைவு என்பதால் ஆற்றல் இழப்பு பெரிதன்று. அங்கு தடிமன் பாதுகாப்பைச் சார்ந்தது. விளக்குகளுக்கு 1.5, பெரிய செருகிகளுக்கு 2.5, குளிரூட்டிக்கும் நீர்சூடேற்றிக்கும் 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி பயன்படுத்துவது பொது வழக்கம். சுவருக்குள் குழாயில் செல்லும் கம்பி வெப்பத்தை எளிதில் வெளியிட முடியாது. பழைய 1/18 கம்பியை அப்படியே வைத்துக்கொண்டு சுற்றுமுறிப்பானை மட்டும் பெரிதாக்குவது ஆபத்தானது. கம்பி காப்புறை உருகும் அளவுக்குச் சூடானாலும் சுற்றுமுறிப்பான் வெட்டாது.

தடித்த கம்பியும் தளர்ந்த இணைப்பைக் காப்பாற்றாது. 0.1 ஓம் மின்தடையுள்ள ஓர் இணைப்பில் 10 ஆம்பியர் ஓடினால் ஒரு புள்ளியில் 10 வாட் வெப்பம் உண்டாகும். கம்பியில் பல மீட்டருக்குப் பரவியிருக்கும் வெப்பத்தைவிட இது தீங்கானது. அலுமினியத்தையும் செம்பையும் நேரடியாக முறுக்கி இணைக்கும் இடங்களில் அரிப்பு ஏற்பட்டு இத்தகைய மின்தடை உருவாகிறது.

சூரிய ஆற்றல் மோட்டார்கள்

2019இல் நடுவண் அரசு தொடங்கிய குசும் திட்டத்தின்கீழ் மானியத்துடன் சூரிய ஆற்றல் மோட்டார்கள் நிறுவப்படுகின்றன. இவற்றில் திறன் முழுவதும் வாங்கிய தகடுகளிலிருந்தே வருகிறது. கம்பியில் 500 வாட் வீணானால் அதை ஈடுசெய்ய 500 வாட்டுக்கும் மேலான தகடு கூடுதலாக வேண்டும். காலையிலும் மாலையிலும் வெயில் குறையும்போது மின்னோட்டமும் குறைவதால் இழப்பு உச்சி வேளையிலேயே மிகுதியாக இருக்கும். கம்பியை வாங்குபவரும் இழப்பை ஏற்பவரும் இங்கு பெரிதும் ஒருவரே என்பதால், தகடுகளைக் கிணற்றின் அருகிலேயே அமைத்துக் கம்பியின் நீளத்தைக் குறைப்பது வழக்கமாகியுள்ளது.